முள்மயிர், இறகு நரம்பு, முதுகுப் புடைப்பு: ஒட்டுண்ணி ஈக்களை இனங்காண்பது எப்படி?

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் எலுமிச்சைச் செடியோ கறிவேப்பிலைக் கன்றோ வைத்திருப்பவர்கள் பலர், அதில் வரும் பச்சைப் புழுக்களை எடுத்துப் பெட்டியில் வளர்த்து, வண்ணத்துப்பூச்சி வெளிவருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு. அப்படி வளர்த்தவற்றில் சில கூட்டுப்புழுக்கள் நிறம் மங்கிக் கறுத்துப்போகும். பிறகு அவற்றைத் துளைத்துக்கொண்டு வெண்மஞ்சள் நிறப் புழுக்கள் வெளியேறி, பிசுபிசுப்பான இழையில் தொங்கியபடி கீழே இறங்கும். இறங்கியவை விரைவிலேயே செம்பழுப்பு நிறக் கூடுகளாக இறுகும். நாள்கள் சில கழித்து அந்தக் கூடுகளிலிருந்து வருவது வண்ணத்துப்பூச்சி அல்ல, சாம்பல் நிற ஈ. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதை வீட்டு ஈ என்றே எண்ணிவிடுகிறார்கள். பெட்டியைச் சரியாக மூடாததால் எங்கிருந்தோ ஓர் ஈ புகுந்து முட்டையிட்டுவிட்டது என்பது வழக்கமான விளக்கம். உண்மையில் அந்த ஈயின் வாழ்க்கை, பெட்டிக்கு வருவதற்கு முன்பே, செடியில் இருந்த புழுவின் உடலுக்குள் தொடங்கிவிட்டது. அது டாக்கினிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது, வீட்டு ஈயோடு அதற்கு நெருங்கிய உறவும் இல்லை.

இரண்டும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன, ஒத்திருந்தும் எப்படிப் பிரித்தறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள். உலகில் பெயரிடப்பட்ட ஈ இனங்கள் ஏறத்தாழ 1,60,000. அவற்றில் டாக்கினிட் குடும்பத்தில் மட்டும் 8,500-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. வாழ்க்கைமுறை அறியப்பட்டவை எல்லாம் பிற பூச்சிகளின், அல்லது அவற்றுக்கு நெருங்கிய கணுக்காலிகளின், உடலுக்குள் புழுவாக வளர்பவை. தனக்கு இடந்தரும் உயிரை, அதாவது ஓம்புயிரை, கொல்லாமல் வாழும் சாதாரண ஒட்டுண்ணியைப் போலன்றி, இவை கிட்டத்தட்ட எப்போதும் அதைக் கொன்றே தம் வளர்ச்சியை முடிக்கின்றன. இவற்றைத் தவிர, பறவையின் இறகுக்குள்ளும் வௌவாலின் மயிருக்குள்ளும் ஒளிந்து இரத்தம் குடிக்கும் ஈக்கள் உண்டு. உயிருள்ள விலங்கின் புண்ணில் புழு வைக்கும் ஈக்களும் உண்டு. ஒட்டுண்ணி வாழ்க்கை ஈக்களிடையே பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருப்பதால், ‘ஒட்டுண்ணி ஈ’ என்று ஒரே முகச்சாயலைத் தேடுவதில் பயனில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் அடையாளத்தைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் அது ஈதானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். புழுக்களைத் துளைக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் இதே தோட்டங்களில் ஏராளம். குளவிக்கு நான்கு இறகுகள், ஈக்கு இரண்டே. ஈயின் பின்னிறகுகள் குண்டூசித் தலை போன்ற இரு சிறு சமநிலை உறுப்புகளாகச் சுருங்கிவிட்டன. குளவியின் உணர்கொம்பு நீண்டு பல கணுக்களாக இருக்கும். நாம் இங்கே பேசும் ஈக்களில் பெரும்பாலானவற்றின் உணர்கொம்பு குட்டையாகி முகத்தோடு தொங்கும். புழுவின் மேல் தெரியும் வெண்பொருள்களும் இதே குழப்பத்தை உண்டாக்குகின்றன. புழுவின் முதுகிலோ பக்கத்திலோ பஞ்சு போன்ற வெண்கூடுகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அவை குளவியின் கூட்டுப்புழுக்கள், முட்டைகள் அல்ல. தலைக்குப் பின்னால், புழு தன் வாயால் எட்ட முடியாத இடத்தில், வழவழப்பான முட்டை வடிவ வெண்புள்ளி ஒன்றோ இரண்டோ இறுக ஒட்டியிருந்தால் அது டாக்கினிட் ஈயின் முட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஈதான் என்று உறுதியான பின் எல்லாரும் செய்வது நிறத்தைப் பார்ப்பது. அங்கேதான் வழி தவறுகிறது. வீட்டு ஈயின் மார்பின் மேல் நீளவாக்கில் நான்கு கருங்கோடுகள் இருக்கின்றன. பட்டுப்புழு வளர்ப்போரின் எதிரியான ஊசி ஈ என்னும் டாக்கினிட் ஈயின் மார்பிலும் நான்கு கோடுகளே. இறைச்சி ஈயின் மார்பில் மூன்று கோடுகளும் வயிற்றில் சதுரங்கக் கட்டம் போன்ற சாம்பல் கறுப்புப் பின்னலும் இருக்கும், ஆனால் அந்தப் பின்னல் ஒளி விழும் கோணத்துக்கேற்ப இடம் மாறித் தெரியும். அளவும் நம்பத்தக்கதல்ல. ஒரே இனத்து ஈக்களில்கூட, ஒரு புழுவுக்குள் தனியாக வளர்ந்தது பெரிதாகவும், இரண்டு மூன்றாக இடம் பகிர்ந்து வளர்ந்தவை சிறிதாகவும் வெளிவருகின்றன.

நிறத்தையும் அளவையும் விட்டு முள்மயிர்களைப் பார்க்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். நியூயார்க்கில் ரஷ்யத் தூதரகத்தின் தலைமை அதிகாரியாகப் பணியாற்றிய ஆஸ்டன்-சாக்கன் என்பவர், ஓய்வு நேரத்தில் ஈக்களை ஆராய்ந்தவர். ஈயின் தலையிலும் மார்பிலும் இருக்கும் தடித்த மயிர்கள் கண்டபடி முளைத்தவை அல்ல, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் நிற்பது, அந்த இடங்களுக்குப் பெயரிட்டுவிட்டால் அவற்றைக் கொண்டே இனங்களை ஒப்பிடலாம் என்று 1880-களில் அவர் முறைப்படுத்திக் காட்டினார். இன்றுவரை ஈயியலில் இனங்காணும் திறவுகோல்கள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. ஒரு மயிர் உதிர்ந்துபோனாலும் அது நின்ற குழி தோலில் வட்டமாகத் தெரியும் என்பதால், சிதைந்த ஈயிலும் எண்ணிக்கையை மீட்டெடுக்கலாம். நிறத்தில் இது இயலாது.

முள்மயிர்களில் முதலில் தேட வேண்டியது மார்பின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு வரிசை. இறகின் அடிக்குக் கீழே, பின்பக்கமாக, ஈ மூச்சுவிடும் துளை ஒன்று இருக்கிறது. அந்தத் துளைக்குச் சற்று முன்னும் கீழுமாக, பின்னங்காலின் அடிக்கு மேலே, வலுவான மயிர்கள் செங்குத்தாக ஒரு வரிசையில் நின்றால், அந்த ஈ டாக்கினிட், நீல ஈ (நீலமும் பச்சையுமாக மினுங்குபவை), இறைச்சி ஈ ஆகிய மூன்று பெருங்குடும்பங்களையோ அவற்றின் சில நெருங்கிய உறவுகளையோ சேர்ந்தது. வீட்டு ஈக்கு அந்த வரிசை இல்லை. எலுமிச்சைச் செடியில் வளர்ந்து வெளிவந்த ஈயைப் பக்கவாட்டில் ஒரு தெளிவான படம் எடுத்தால் போதும், அது வீட்டு ஈயா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது டாக்கினிட் குடும்பத்தின் தனி முத்திரை. ஈயின் மார்பின் பின்விளிம்பில், வயிறு தொடங்கும் இடத்துக்கு மேலே, முக்கோணம் போன்ற சிறு கேடயத் தகடு ஒன்று துருத்தி நிற்கும். எல்லா ஈக்களிலும் இது உண்டு. டாக்கினிட் ஈயில் அந்தக் கேடயத்துக்கு நேர் கீழே இன்னொரு திரண்ட புடைப்பும் இருக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் கேடயம் அதை மறைத்துவிடும். பக்கவாட்டிலோ பின்புறத்திலிருந்தோ பார்த்தால், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வளைவுகள் தெரியும். நீல ஈயிலும் இறைச்சி ஈயிலும் மேல் வளைவு மட்டுமே தெரியும். கீழே தட்டையாகவோ உள்வாங்கியோ இருக்கும். இந்த ஒரே அடையாளத்துக்காகவேனும், மேலிருந்து எடுத்த அழகான படத்தைவிட, பக்கவாட்டில் எடுத்த சுமாரான படம் பத்து மடங்கு மதிப்புடையது என்பேன். சமூகத் தோட்டங்களிலும் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பாதைகளிலும் எடுக்கப்பட்டு இணையத்தில் பகிரப்படும் ஈப்படங்களில் பல, கூட்டுக்கண்ணின் நிறத்தையும் இறகின் பளபளப்பையும் துல்லியமாகக் காட்டிவிட்டு, இந்தப் புடைப்பை மட்டும் காட்டாமல் விட்டுவிடுகின்றன.

இறகு நரம்பும் உதவுகிறது, ஆனால் துணைச் சான்றாக மட்டுமே. டாக்கினிட் ஈயின் இறகில் நடுவே ஓடும் நீள நரம்பு, முனையை நெருங்கும்போது சட்டென்று முன்விளிம்பை நோக்கி மடங்குகிறது. நீல ஈயிலும் இறைச்சி ஈயிலும் அப்படித்தான். வீட்டு ஈயிலும் அந்த நரம்பு வளைகிறது. எனவே வளைவு இருப்பதைக் கொண்டு டாக்கினிட் என்று சொல்லிவிட முடியாது. உணர்கொம்பின் மேல் நிற்கும் நூல் போன்ற மயிர் வீட்டு ஈயில் இரு பக்கமும் கிளைத்து இறகுத்தூவி போலிருக்கும், இறைச்சி ஈயில் பெரும்பாலும் அடிப்பாதி மட்டும் கிளைத்திருக்கும், டாக்கினிட் ஈக்களில் பெரும்பாலானவற்றில் கிளையின்றி மொட்டையாக இருக்கும். ‘பெரும்பாலானவற்றில்’ என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே இட்டிருக்கிறேன். வண்டின் புழுக்களைத் தாக்கும் நெடுங்கால் டாக்கினிட் ஈக்கள் பலவற்றில் அந்த மயிர் நன்றாகவே கிளைத்திருக்கும். ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவு கட்டுபவரைக் கவிழ்க்கும் விதிவிலக்குகள் இக்குடும்பத்தில் எல்லாப் பக்கமும் உண்டு. அதனால்தான் மூன்று நான்கு அடையாளங்கள் ஒருசேர ஒத்துவந்தால் மட்டுமே பெயர் சொல்வது வழக்கம்.

இறைச்சி ஈக் குடும்பத்தையும் இங்கே ஒதுக்கிவிட முடியாது. அதன் ஒரு கிளை, மண்ணில் வளை தோண்டும் குளவிகளையும் தேனீக்களையும் பின்தொடர்ந்து பிழைக்கிறது. இரையைச் சுமந்து பறக்கும் குளவிக்குப் பின்னால், இடைவெளி மாறாமல் பறந்து சென்று, அது வளைக்குள் நுழையும் நேரம் பார்த்து முட்டைக்குப் பதில் உயிருள்ள சிறுபுழுவையே இட்டுவிட்டுத் திரும்புகிறது. அந்தப் புழு, குளவி தன் குஞ்சுக்கு வைத்த உணவைத் தின்று தீர்க்கும். பெரிய கண்கள், வெள்ளிப் பூச்சுப் பூசியது போன்ற முகம், மொட்டையான உணர்கொம்பு மயிர் ஆகியவற்றைக் கண்டு இவற்றை டாக்கினிட் என்று சொல்பவர்கள் உண்டு. கேடயத்தின் கீழே பார்த்தால் புடைப்பு இருக்காது.

குடும்பம் தெரிந்த பிறகு, அதற்குள் நெருங்கிய இனங்களின் தொகுதியான பேரினத்துக்குச் செல்வது அடுத்த படி, அது செங்குத்தான படியும்கூட. கண்ணின் மேல் நுண்மயிர் உண்டா இல்லையா, நெற்றியின் மயிர் வரிசை உணர்கொம்பின் அடியோடு நிற்கிறதா அல்லது கன்னத்தில் இறங்குகிறதா, மார்பின் பக்கத் தகட்டில் முன்னால் இரண்டு பின்னால் ஒன்று என்று முள்மயிர்கள் நிற்கின்றனவா அல்லது ஒன்றுக்கு ஒன்றா, வயிற்றின் கண்டங்களில் விளிம்பு மயிர் மட்டுமா அல்லது நடுவிலும் ஒரு சோடியா என்று கேள்விகள் நீளும். இவற்றில் பாதிக்குப் படத்திலிருந்து விடை கிடைக்காது. அப்போது கைகொடுப்பது ஈயின் உடலுக்கு வெளியே இருக்கும் செய்தி: அது எந்தப் புழுவிலிருந்து வந்தது, அந்தப் புழு எந்தச் செடியில் இருந்தது, முட்டை எங்கே இருந்தது, ஈப்புழு வெளியேறியது புழுப் பருவத்திலா கூட்டுப்புழுப் பருவத்திலா என்பவை. எக்சோரிஸ்டா போன்ற பேரினங்கள் கண்ணுக்குத் தெரியும் பெரிய முட்டையைப் புழுவின் தோலின் மேலேயே ஒட்டுகின்றன. ஸ்டூர்மியா போன்றவை கண்ணுக்குப் புலப்படாத நுண்முட்டைகளை இலைமேல் தூவிச் செல்கின்றன. இலையைத் தின்னும் புழு முட்டையையும் விழுங்க, அது குடலுக்குள் பொரிக்கிறது. நம் பூங்காக்களில் எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் கூட்டிலிருந்து ஈ வந்தால், ஐயுற வேண்டிய முதல் பேரினம் ஸ்டூர்மியா. மேலே முட்டை எதுவும் ஒட்டாத புழுவுக்குள்ளும் ஈ வளர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதுவே விளக்கம்.

பட்டு வளர்ப்பில் ஊசி ஈயின் கதை, பெயரிடுவதில் இருக்கும் இடரையும் காட்டுகிறது. மேற்கு வங்கத்தில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த இந்த ஈ, 1980-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, பிறகு தமிழகம் உட்பட அண்டை மாநிலங்களின் பட்டுப் பண்ணைகளுக்கும் பரவியது. புழுவின் தோலில் ஒட்டிய முட்டை பொரித்து, ஈப்புழு உள்ளே துளைத்துச் சென்ற இடத்தில் கருந்தழும்பு ஒன்று விழும். பண்ணையில் இருப்பவர்கள் ஈயைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தழும்பைத்தான் பார்க்கிறார்கள். ஈயின் அறிவியல் பெயரோ எக்சோரிஸ்டா பாம்பிசிஸ் என்றும் எக்சோரிஸ்டா சோர்பிலன்ஸ் என்றும் ஆய்வேடுகளில் மாறி மாறி வந்திருக்கிறது. கோடிக்கணக்கில் பண்ணைகளில் பிறந்து, ஆய்வகங்களில் ஆண்டாண்டாக வளர்க்கப்பட்ட ஓர் ஈக்கே இந்த நிலை என்றால், தோட்டத்தில் ஒரு முறை கண்ட ஈயின் இனப்பெயரைப் படத்தைப் பார்த்துச் சொல்வதில் எவ்வளவு தயக்கம் தேவை என்பது விளங்கும்.

சில டாக்கினிட் ஈக்கள் மட்டும், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால், தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். ஒர்மியா என்னும் அமெரிக்கப் பேரினமும் அதன் உறவுகளும் இரவில் பறந்து, ஆண் சிள்வண்டின் ஒலியைக் கேட்டு அதைத் தேடிவரும். கேட்பதற்கான செவிகள் தலைக்குப் பின்னால், முன்னங்கால்களுக்கு மேலே, மார்பின் முன்பகுதியில் இருப்பதால், அந்த இடம் உப்பிப் பருத்திருக்கும். ஒர்மியா ஓக்ரேசியா என்ற இனம் ஒலி வரும் திசையை இரண்டு பாகை அளவு துல்லியத்தோடு உணர்கிறது. ஹவாய்த் தீவுகளில் இந்த ஈயின் நெருக்குதலால், ஒலியெழுப்பாத ஆண் சிள்வண்டுகள் சில தலைமுறைகளுக்குள் பெருகிவிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பழுப்பு மஞ்சள் நிறத்தில், விளக்கொளிக்கு வரும் டாக்கினிட் ஈ எதுவாயினும், அதன் கழுத்துக்குக் கீழே ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது.

வண்ணத்துப்பூச்சி ஆர்வலருக்கு இனப்பெயர் ஒரு மனநிறைவு. கால்நடை மருத்துவருக்கு அது அவசரம். தென்னாசியா முதல் தென்கிழக்காசியா வழியாகப் பாப்புவா நியூ கினி வரையிலும், ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளிலும் பரவியுள்ள, நீல ஈக் குடும்பத்தைச் சேர்ந்த கிரைசோமையா பெசியானா என்ற நீலப்பச்சை ஈ, உயிருள்ள விலங்கின் புண் விளிம்பில் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. ஒரு நாளுக்குள் பொரிக்கும் புழுக்கள் உயிருள்ள தசையைத் தின்றபடி உள்ளே துளைத்துச் செல்லும். உண்ணி கடித்த சிறு காயமோ கன்றின் தொப்புளோ போதும். இதன் நெருங்கிய உறவான கிரைசோமையா மெகாசெபாலாவோ ஈரச் சந்தைகளிலும் குப்பைத் தொட்டிகளிலும் நாம் அன்றாடம் காணும் பெருங்கண் பச்சை ஈ. அது முதன்மையாக அழுகிய பொருளில் வளர்வது. இரண்டும் ஒரே அளவு, ஒரே மினுக்கம். கைத்தொலைபேசிப் படத்தில் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

உருப்பெருக்கியின் கீழே வேறுபாடு துலங்குகிறது. இறகின் அடியில், உடலோடு ஒட்டியபடி, இரு சிறு செதில்கள் உண்டு. அவற்றில் கீழ்ச்செதில் பெசியானாவில் மெழுகு வெண்மை, மெகாசெபாலாவில் கரும்பழுப்பு. ஆணாக இருந்தால் கண்ணையும் பார்க்கலாம். மெகாசெபாலா ஆணின் கூட்டுக்கண்ணில் மேற்பாதியின் கண்ணறைகள் பெருத்தும் கீழ்ப்பாதியின் கண்ணறைகள் சிறுத்தும் இருக்கும், இரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு கூர்மையாகத் தெரியும். பெசியானா ஆணில் அப்படி ஓர் எல்லை இல்லை. பெசியானாவுக்கு வில்லெனூவ் என்ற பிரெஞ்சு ஈயியலாளர் 1914-இல் பெயரிட்டார். இந்தியாவில் மனிதருக்கும் மாடுகளுக்கும் புண்ணில் புழு வைப்பது பெரும்பாலும் இந்த ஈதான் என்பதை 1920-இல் எழுதியவர் டபிள்யூ. எஸ். பேட்டன். சென்னை கிண்டியிலுள்ள கிங் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர் அவர். அதற்கு முன் இதே ஈ பல தவறான பெயர்களில் உலவியது.

நடைமுறையில் மருத்துவரிடம் வந்துசேர்வது பறக்கும் ஈ அல்ல, புண்ணிலிருந்து எடுத்த புழு. முள்மயிரும் கண்ணும் இல்லாத புழுவை மூச்சுத்துளைகளைக் கொண்டே இனங்காண வேண்டும். தலைப்பக்கத்தில் இருபுறமும் விரல்கள் போலப் பிரிந்த மூச்சுத்துளை உண்டு. முழு வளர்ச்சியடைந்த பெசியானா புழுவில் அந்தப் பிரிவுகள் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு, மெகாசெபாலாவில் பத்துக்கு மேல். பின்முனையில் இரண்டு வட்டத் தகடுகளில் பிளவுகள் இருக்கும். நீல ஈக்களில் அவை மூன்று நேர்க்கோடுகள், வீட்டு ஈயில் பாம்பு போல் நெளிந்தவை. இறைச்சி ஈயில் அந்தத் தகடுகள் ஒரு குழிக்குள் புதைந்திருக்கும். வளர்ப்பு நாயின் புண்ணில் புழு வைத்துவிட்டால், எடுத்த புழுக்களை உடனே நசுக்கி எறியாமல் சிலவற்றை வெந்நீரில் கொன்று, சாராயக் கரைசலில் இட்டு மருத்துவரிடம் கொடுப்பதே முறை. நேராகச் சாராயத்தில் போட்டால் புழு கறுத்துச் சுருங்கிவிடும், வெந்நீர் அதன் உருவத்தைக் காக்கும்.

மற்ற ஒட்டுண்ணிக் குடும்பங்கள் பல ஒரே பார்வையில் பிடிபடுபவை. தலை முழுவதும் கண்ணாகவே இருக்கும் சிற்றீ ஒன்று தத்துப்பூச்சிகளைத் தாக்குவது. குளவி போல் இடை சிறுத்து, முழங்கை போல் மடங்கிய நீள் வாய்க்குழலோடு பூவில் உட்காருவது, பறக்கும் தேனீயை வழிமறித்து அதன் வயிற்றுக்குள் முட்டையைச் செருகும் கோனோபிட் ஈ. முதுகு கூனி, பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும் மிகச் சிறியது போரிட் ஈ. போரிட் குடும்பத்தில் சூடாக்டியான் என்ற பேரினம் எறும்பின் உடலுக்குள் முட்டையிட, வளரும் புழு எறும்பின் தலைக்குள் சென்று, கடைசியில் அந்தத் தலையையே கழன்று விழச் செய்கிறது. இந்தப் பேரினத்தில் பெண் ஈயின் முட்டையிடும் உறுப்பு இனத்துக்கு இனம் வேறு வடிவில் அமைந்திருப்பதால், ஒன்றரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஈயைக்கூட அதைக் கொண்டு உறுதியாக இனங்காணலாம். அமெரிக்காவில் நெருப்பெறும்பைக் கட்டுப்படுத்த 1997 முதல் இவற்றை வெளியில் விட்டார்கள்.

பறவை, வௌவால் ஆகியவற்றின் ஈக்கள் வேறொரு வகை. புறாவின் இறகுக்குள் ஓடும் சூடோலிங்க்கியா கனேரியென்சிஸ், மேலும் கீழும் அழுத்தப்பட்டது போல் தட்டையானது. இறகு நரம்புகள் முன்விளிம்பில் நெருக்கியடித்து நிற்கும், கால் நகங்கள் பற்களோடு வளைந்திருக்கும். புறாக்களின் மலேரியாவை ஒத்த ஒரு நோயை இது பரப்புகிறது என்பதை 1906-இல் அல்ஜீரியாவில் செர்ஜென் சகோதரர்கள் காட்டினார்கள். வௌவாலின் மயிருக்குள் வாழும் ஈக்களில் ஒரு குடும்பத்துக்கு இறகே கிடையாது. தலை முதுகின் மேல் மடங்கிக் கிடக்க, நீண்ட கால்களால் ஊர்வதைப் பார்ப்பவர் சிலந்தி என்றே சொல்வர். கால்களை எண்ணினால் ஆறு. இவற்றின் இனங்களைப் பிரிக்க உடலில் உள்ள சீப்புப் பல் வரிசைகளையும் வயிற்றுத் தகடுகளையும் பார்க்கிறார்கள்.

சிங்கப்பூர் ஈக்களின் பெயர்களில் ஒரு பகுதி, நிறத்தை நம்பிய காலத்தின் சுமையை இன்னும் சுமக்கிறது. 1854 ஏப்ரலில் இங்கே வந்திறங்கிய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், புக்கிட் தீமாவில் வண்டுகளோடு ஈக்களையும் பிடித்தார். சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் அவர் சேர்த்த ஈக்களுக்கு இலண்டனில் இருந்த பூச்சியியலாளர் ஃபிரான்சிஸ் வாக்கர் பெயரிட்டார். வாக்கரின் விளக்கங்கள் பல ஒரு சில வரிகள்தான்: உடல் கறுப்பு, கால் மஞ்சள், இறகு சாம்பல். முள்மயிர்களைப் பற்றிய முறையான பேச்சு அப்போது பிறக்கவே இல்லை. அந்த விளக்கத்தைப் படித்து ஈயை அடையாளம் காண இயலாததால், பின்வந்தவர்கள் இலண்டன் அரும்பொருளகத்தில் ஊசியில் குத்தப்பட்டிருக்கும் மூல ஈயையே, அதாவது வாக்கர் பார்த்துப் பெயரிட்ட அதே ஈயையே, எடுத்து மீண்டும் ஆராய வேண்டியிருந்தது. தென்கிழக்காசிய டாக்கினிட் ஈக்களுக்கு அந்த வேலையைச் செய்து, 1976-இல் முழு மண்டலத்துக்கும் சேர்த்து ஒழுங்குபடுத்தியவர் ராஜர் க்ராஸ்கி. இன்றும் இவ்வட்டாரத்தில் டாக்கினிட் பேரினத்தைத் தேடுபவர் அவருடைய தொகுப்பிலிருந்துதான் தொடங்குகிறார்.

இனப்பெயரில் இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஈக்களின் வரலாறே பதில். மலாயாவில் தென்னை அந்துப்பூச்சியின் புழுவைத் தாக்கிய பெசா ரிமோட்டா என்ற டாக்கினிட் ஈயை 1925-இல் ஃபிஜிக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். அங்கே தென்னந்தோப்புகளை மொட்டையாக்கி வந்த லெவுவானா என்ற நீல அந்துப்பூச்சி குறுகிய காலத்தில் அடங்கியது. அதே 1925-இல்தான் அமெரிக்க ஈயியலாளர் ஆல்ட்ரிச் அந்த ஈக்கே முதன்முதலாக ஓர் அறிவியல் பெயர் சூட்டினார். 1906-இல் ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோன காம்ப்சிலூரா கான்சின்னேட்டா என்ற டாக்கினிட் ஈயின் கதை நேர்மாறு. குறிவைத்த ஓர் அந்துப்பூச்சியோடு நில்லாமல் அது நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களில் பரவி, அந்நாட்டின் பெரிய பட்டு அந்துப்பூச்சிகளின் வீழ்ச்சிக்கும் காரணமாகச் சுட்டப்படுகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் சாதாரணச் சாம்பல் ஈக்கள்.

நெருக்கப் படம் எடுப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. சிங்கப்பூரில் இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் அனுமதியின்றிப் பூச்சி பிடிக்கக் கூடாது என்பதால், பெரும்பாலான காட்சிகளுக்குப் படமே ஒரே சான்று. ஒரு படத்தோடு நிறுத்தாமல், மேலிருந்து ஒன்று, கேடயத்தின் கீழ்ப்புடைப்பும் பக்க முள்மயிர்களும் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, கண்களின் இடைவெளியும் உணர்கொம்பும் தெரியும்படி முகத்துக்கு நேராக ஒன்று, நரம்புகள் ஒளியில் மினுங்காமல் தெரியும் கோணத்தில் இறகு ஒன்று என்று எடுத்தால், குடும்பம் ஏறத்தாழ உறுதியாகும், பேரினமும் சில வேளைகளில் கிட்டும். காலை வேளையில் இலைமேல் வெயில் காயும் ஈ இதற்கெல்லாம் இடங்கொடுக்கும். இனங்காணும் செயலிகள் தரும் பெயரை நான் குடும்ப அளவுக்கு மேல் நம்புவதில்லை. அவை எந்த இனத்தின் படங்களை அதிகம் பார்த்திருக்கின்றனவோ அதன் பக்கமே சாயும், அந்தப் படங்களில் பெரும்பங்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. எனவே புக்கிட் தீமாவில் எடுத்த படத்துக்கு இங்கிலாந்து ஈயின் பெயர் வந்தால் வியக்க வேண்டாம்.

பேரினத்துக்குக் கீழே, இறுதி முடிவு பெரும்பாலும் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தில்தான் இருக்கிறது. வயிற்றின் முனையைப் பிரித்தெடுத்து, காரக் கரைசலில் தசையைக் கரைத்து, எஞ்சும் கெட்டியான பகுதிகளை உருப்பெருக்கியில் ஒப்பிட வேண்டும். இறைச்சி ஈக்களில் இதைத் தவிர வேறு வழி அரிது. பெண் ஈ மட்டும் கிடைத்திருந்தால் பல சமயம் முடிவே இல்லை. ஒரு சிறு மரபணுத் துண்டைப் படித்து இனங்களைப் பிரிக்கும் மரபணுக் குறியீடு இந்த முடிச்சில் ஒரு பாதியை அவிழ்க்கிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுங்கை பூலோ, புலாவ் ஊபின் முதலிய சதுப்புநிலங்களிலும் பிற வாழிடங்களிலும் கூடாரப் பொறிகளில் விழுந்த பூச்சிகளில் 1,40,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுத் துண்டைப் படித்து, ஏறத்தாழ 8,500 இனங்களாகப் பிரித்து 2021-இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஈக்களின் பங்கு பெரிது. அந்த இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு எண் உண்டு, பெயர் இல்லை. இந்த ஈ அந்த ஈயிலிருந்து வேறு என்று மரபணு சொல்லும், வாக்கர் பெயரிட்ட ஈ எது என்று சொல்லாது. அதற்கு மூல ஈயோடு முள்மயிர்களை ஒப்பிட ஒருவர் உட்கார வேண்டும்.

அதுவரை, வீட்டில் வளர்த்த கூட்டிலிருந்து வந்த ஈக்கு ‘டாக்கினிட் குடும்பம், எக்சோரிஸ்டாவாக இருக்கலாம்’ என்று எழுதி நிறுத்துவதில் குறை ஒன்றுமில்லை. ஈ பறந்துபோன பின்னும் பெட்டியின் அடியில் செம்பழுப்புக் கூடு கிடக்கும். அதன் பின்முனையில் புழுவின் மூச்சுத்துளைத் தகடுகள் அப்படியே பதிந்திருக்கும், ஆண்டுகள் பல கழித்தும் அவற்றைப் படிக்கலாம். கூட்டைத் துடைத்து எறியாமல் ஒரு சிறு குப்பியில் போட்டு, புழு எந்த வண்ணத்துப்பூச்சியினுடையது, எந்தச் செடியில் கிடைத்தது, ஈ வெளிவந்த நாள், இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய தாளையும் உள்ளே வைக்கலாம். பின்னர் குப்பியில் சாராயம் ஊற்ற நேர்ந்தால் மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து கரையாது.